மீன் தொட்டி ஏன் கொடகொடவென்று சத்தம் போடுகிறது?

ஆறடித் தொட்டி வாங்கி ஹாலில் வைத்தவர்கள் முதல் வாரத்திலேயே சொல்வது ஒன்றுதான்: "பகல்ல ஒண்ணும் தெரியல சார், ராத்திரிதான் தூங்க முடியல." உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பம்பை மாத்துங்க. பைப்பை ரெண்டு இன்ச்சா போடுங்க. குழாய் வாயில கொஞ்சம் பஞ்சு அடைங்க. கேபினெட் கதவுக்கு தெர்மாகோல் ஒட்டுங்க. நான்கையும் செய்து பார்த்தவன் நான். அதில் பஞ்சு அடைத்ததுதான் படுமோசம். ஏன் என்பது கடைசியில் வரும்.

தண்ணீர் அந்தச் சத்தத்தைப் போடுவதில்லை. பெரும்பாலும் பம்பும் போடுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து குழாய்க்குள் இறங்கும் காற்றுதான் போடுகிறது. இது பிடிபட்டுவிட்டால், எந்தக் குழாயை எங்கே வைப்பது, வால்வை எவ்வளவு மூடுவது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

## இளநீரும் குடமும்

இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது சத்தம் எப்போது வருகிறது? ஸ்ட்ராவின் நுனி இளநீரில் முழுகியிருக்கும்வரை ஒன்றும் கேட்காது. அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது காற்றும் சேர்ந்து ஏறும். அப்போதுதான் அந்த 'சர்ர்ர்'. குடத்தைக் கவிழ்த்தாலும் இதே கதை. வெளியே வரும் தண்ணீரும் உள்ளே நுழையும் காற்றும் ஒரே வாயில் மாறி மாறி இடம் பிடிப்பதால்தான் கொடக் கொடக்.

இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் ஒரு வானியலாளர். பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் பணியாற்றிய மார்செல் மின்னார்ட், ஓடும் தண்ணீரின் ஓசைக்குக் காரணம் அதிலுள்ள காற்றுக் குமிழிகளின் அதிர்வு என்று 1933ல் கணக்கிட்டுக் காட்டினார். குமிழி சிறியதானால் சுருதி ஏறும், பெரியதானால் இறங்கும். கேபினெட்டுக்குள் 'கொட' என்று கனமாகக் கேட்பது பெரிய குமிழி, 'ஸ்ஸ்' என்று கேட்பது பொடிக் குமிழிகள். காதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

## தண்ணீர் போகும் பாதை

பெரிய தொட்டிகளில் வடிகட்டியைத் தொட்டிக்குள் வைப்பதில்லை. கீழே கேபினெட்டுக்குள் இன்னொரு சிறிய தொட்டி இருக்கும். அதன் பெயர் சம்ப். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் புவியீர்ப்பினால் சம்ப்புக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, ரிட்டர்ன் பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். இறங்கும் பாதைக்குத்தான் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே உபரித் தண்ணீர் வெளியேறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தெற்கே மறுகால் பாய்வது என்பார்கள். கலிங்கின் மேல் விளிம்பு எந்த உயரமோ, ஏரியின் மட்டம் ஏறக்குறைய அந்த உயரம். ஓவர்ஃப்ளோவும் அதேதான். தொட்டியின் பின்பக்கமோ மூலையிலோ கண்ணாடியில் ஒரு பெட்டி கட்டியிருக்கும். அதன் மேல்விளிம்பே நம் கலிங்கு. அதைத் தாண்டி விழும் தண்ணீர் பெட்டிக்குள் சேர்ந்து, குழாய் வழியே கீழே போகும்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. தொட்டியின் மட்டத்தை நிர்ணயிப்பது கலிங்கு. பெட்டிக்குள் இருக்கும் மட்டத்தை நிர்ணயிப்பது குழாய். இரண்டும் வேறு வேறு. பெட்டிக்குள் மட்டம் ஓர் அடி கீழே கிடந்தால் கலிங்கிலிருந்து தண்ணீர் அருவியாக விழும். அது ஒரு தனிச் சத்தம். பெட்டிக்குள் மட்டத்தைக் கலிங்குக்கு ஒரு இன்ச் கீழே வரை உயர்த்தினாலே அருவி அடங்கிவிடும்.

கலிங்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். மணிக்கு 3,000 லிட்டர் ஓட்டம் என்று வையுங்கள். அதாவது நிமிடத்துக்கு 50 லிட்டர், மூன்று குடத்துக்கு மேல். இது ஓரடி நீளமுள்ள நேரான விளிம்பைத் தாண்டும்போது சுமார் 13 மி.மீ. உயரத்துக்கு எழும்பி நிற்கும். பின்சுவர் முழுக்க ஆறடிக்குக் கலிங்கு வைத்தால் வெறும் 4 மி.மீ. மெல்லிய படலமாக வழியும் தண்ணீர்தான் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும். சத்தமும் குறைவு.

இதுவரை சொன்னது: சத்தம் என்பது காற்று. தொட்டி மட்டம் கலிங்கின் கையில், பெட்டி மட்டம் குழாயின் கையில்.

## "பெரிய பைப் போட்டா சத்தம் வராது"

தொட்டி கட்டிக் கொடுத்தவர் என்னிடம் சொன்னது இது. அவர் பேரில் தப்பில்லை, எல்லாரும் சொல்வதுதான். பாதி உண்மையும்கூட.

செங்குத்தான குழாயில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு படலமாக வழியும். நடுவில் காற்று சும்மா நிற்கும். அமைதி. ஓட்டத்தைக் கூட்டினால் படலம் தடித்து, அங்கங்கே குழாயை முழுக்க அடைத்து, தக்கை போல இறங்கும். தக்கைக்குப் பின்னால் காற்று இழுபடும். ஒரு கணம் குழாய் முழுக்க நிரம்பி பெட்டியை 'சர்'ரென்று காலி செய்யும். உடனே வாயில் காற்று புகுந்து அறுந்துபோகும். பெட்டி மறுபடி நிரம்பும். சில நொடிக்கொரு தடவை டாய்லெட் ஃப்ளஷ் அடிப்பது போலக் கேட்கிறதே, அது இந்தச் சுழற்சிதான்.

பெரிய குழாய் போட்டால் தக்கை உருவாவது குறையும், சரிதான். ஆனால் அந்த அளவு ஓட்டத்துக்குப் படலம் மட்டும் போக வேண்டுமென்றால் குழாய் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்குள் இறங்கும் தண்ணீர் ஏகப்பட்ட காற்றைச் சுருட்டிக்கொண்டு சம்ப்பில் கொட்டும். மேலே அடங்கிய சத்தம் கீழே சளசளக்கும். சம்ப்பிலிருந்து பொடிக் குமிழிகள் பம்ப் வழியே தொட்டிக்கே திரும்பி வந்து, தண்ணீர் சோடா மாதிரி தெரியும்.

அமெரிக்க மீன் ஆர்வலர் ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் அழைக்கப்படும் டர்சோ குழாய் இந்தச் சிக்கலுக்கு முதலில் பரவலான தீர்வு. குழாய் வாயைக் கீழ்நோக்கி வளைத்து நீருக்குள் முழுகவிட்டு, மேல்மூடியில் சிறு துளை போட்டுக் காற்றை அளந்து விடுவது. உறிஞ்சும் சத்தம் நிற்கும். ஆனால் காற்று உள்ளே போவது போகத்தான் செய்யும். சின்னத் தொட்டிக்குப் போதும். ஆறடிக்குப் போதாது என்பது என் அனுபவம்.

ஆக அமைதியான நிலைகள் இரண்டே இரண்டு. குழாய் முழுக்கத் தண்ணீர், துளிக் காற்றும் இல்லை. அல்லது சுவரோடு மெல்லிய படலம் மட்டும். இடைப்பட்டதெல்லாம் சத்தம்.

## காற்றே இல்லாத குழாய்

மண்ணெண்ணெய் டின்னிலிருந்து டியூப் போட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்துக் கீழே விட்டால் தானாக ஓடுமே, அதுதான் சைஃபன். டியூப் முழுக்கத் திரவம் நிரம்பியிருக்கும்வரை கீழ்நோக்கித் தொங்கும் பகுதியின் எடை மேலே இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாயும் முழுக்க நிரம்பினால் அப்படித்தான் நடந்துகொள்ளும். சத்தமே இருக்காது, ஓட்டமோ அசுரத்தனமாக இருக்கும். பெட்டிக்கும் சம்ப்புக்கும் மட்ட வித்தியாசம் 75 செ.மீ. என்றால், 1¼ இன்ச் குழாய் ஒன்றே மணிக்கு 5,000 லிட்டருக்கு மேல் இழுத்துவிடும். நமக்கு வேண்டியது 3,000. அப்படியே விட்டால் பெட்டியைக் காலி செய்து, காற்றை இழுத்து, மறுபடி அந்த ஃப்ளஷ் கச்சேரி.

அதனால் குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு வால்வு வைத்து ஓட்டத்தைச் சுருக்குகிறோம். கேட் வால்வு வேண்டும், அதாவது பல சுற்று திருகித் திருகித் தகடு மெல்ல இறங்கும் வகை. கால் சுற்றில் மூடிவிடும் பால் வால்வில் மயிரிழை அளவு திருத்தம் செய்ய முடியாது. கைப்பிடியைத் தொட்டாலே 200 லிட்டர் மாறும். ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பித்தளையில் செம்பு உண்டு. இறால், பவளம் வளர்க்கிறவர்கள் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். பிவிசி கேட் வால்வு கொஞ்சம் தேடினால் கிடைக்கும்.

இப்போது ஒரு கேள்வி. வால்வைச் சரியாகத் திருகி, பம்ப் தருவதும் குழாய் எடுப்பதும் சமமாக வைத்துவிட்டால் ஒரே குழாய் போதாதா? பலர் மாதக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பது இந்த நம்பிக்கையில்தான். முடியாது. சைஃபனின் ஓட்டம் மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். பெட்டியில் தண்ணீர் 3 செ.மீ. உயர்ந்தால் 75 என்பது 78 ஆகிறது, ஓட்டமோ 2 சதவீதம்தான் கூடுகிறது. 3,000 லிட்டரில் 2 சதவீதம் மணிக்கு 60 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர். திருப்பிப் படியுங்கள்: பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடுதலாகத் தள்ளினாலே பெட்டி மட்டம் 3 செ.மீ. ஏறிவிடும். மின்னழுத்தம் ஆடினாலோ, சம்ப்பில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தாலோ, குழாயில் ஒரு நத்தை ஏறினாலோ இதைவிட அதிகமாகவே மாறும்.

## இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய்

தீர்வு எளிது. சமமாக்கவே முயலாதீர்கள். முதல் குழாயை வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக இழுக்கும்படி சுருக்குங்கள். மிச்சமாகும் துளியை இரண்டாவது குழாய் எடுத்துக்கொள்ளட்டும். அதன் வாய் சற்று உயரத்தில் இருக்கும். அதற்குள் வழிவது சுவரோடு ஒட்டிய படலம் மட்டுமே. முன்னே சொன்ன இரண்டு அமைதிகளும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வேலை செய்கின்றன. பம்ப் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படலம் தடிக்கும், மெலியும், அவ்வளவுதான்.

இரண்டு குழாய் அமைப்பை ஹெர்பி என்பார்கள். மூன்று குழாய் அமைப்பின் பெயர் பீன்அனிமல். இரண்டும் ஆர்வலர்களின் இணையப் புனைபெயர்கள். கம்பெனிப் பெயர் என்று நினைத்து கொளத்தூர் மீன் கடைகளில் போய்க் கேட்காதீர்கள், பிவிசி பைப்பும், வளைவுக்கு எல்போவும், கிளை பிரிக்க 'டீ' இணைப்பும்தான் சரக்கு.

மூன்று குழாய் அமைப்பில் எனக்குப் பிடித்தது இரண்டாவதான நடுக்குழாயின் தலையில் இருக்கும் மெல்லிய காற்று டியூப். விரல் தடிமன்கூட இருக்காது. அதன் நுனியை வழக்கமான மட்டத்துக்கு இரண்டு விரல்கடை மேலே நிறுத்துவார்கள். சாதாரண நாளில் அதன் வழியே காற்று உள்ளே போகும், அதனால் நடுக்குழாய் சைஃபனாக மாறாமல் படலமாகவே வழியும். என்றைக்காவது முதல் குழாய் அடைத்துக்கொண்டால் பெட்டியில் மட்டம் ஏறி டியூப் நுனி முழுகும். காற்று நின்றுவிடும். நடுக்குழாய் தானே சைஃபனாக மாறி மொத்தத் தண்ணீரையும் இழுக்கத் தொடங்கும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம். கொடகொடவென்று சத்தம் வேறு கிளம்பும், அடைத்துக்கொண்டது நமக்கும் தெரிந்துவிடும்.

மூன்றாவது குழாய் இன்னும் உயரத்தில், வாய் திறந்து, எந்த வால்வும் இல்லாமல், காய்ந்தே நிற்கும். அதில் தண்ணீர் போனால் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

சுருக்கமாக: முதல் குழாய் வால்வோடு முழுக்க நிரம்பி ஓடும். இரண்டாவது மிச்சத்தைப் படலமாக வாங்கும். மூன்றாவது சும்மா இருக்கும்.

## மின்சாரம் போனால்

நம் ஊரில் இதை யோசிக்காமல் குழாய் ஒட்டவே கூடாது. பம்ப் நின்றதும் இரண்டு விதமாகத் தண்ணீர் கீழே வரும். கலிங்குக்கு மேலே எழும்பி நின்றது முதலில் வரும். 13 மி.மீ. என்றால் சுமார் 14 லிட்டர். அது பிரச்சினையில்லை. பிரச்சினை ரிட்டர்ன் குழாய். அதன் வாய் தொட்டிக்குள் முழுகியிருந்தால், பம்ப் நின்றதும் அதுவே தலைகீழ் சைஃபனாகி தொட்டித் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும், வாய் வெளியே தெரியும்வரை. வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சுமார் 110 லிட்டர். 5 செ.மீ. என்றால் 55.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சம்ப்பின் கொள்ளளவு 190 லிட்டர். 115 லிட்டர் நிரப்பி ஓட்டுகிறீர்கள் என்றால் மிச்ச இடம் 75. ஐந்து செ.மீ. தாங்கும், பத்து தாங்காது.

"ரிவர்ஸ் வால்வு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றுதான் நானும் இருந்தேன். ஒரு வழியாக மட்டும் தண்ணீரை விடும் அந்த வால்வின் மடலில் மிளகு அளவு நத்தை ஒன்று உட்கார்ந்துகொண்டது. விடியற்காலை மூன்று மணிக்கு கரண்ட் போனது. கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது ஈரம். வால்வைக் கழற்றிப் பார்த்தால் நத்தை ஒன்றும் நடக்காதது போல மடலிலேயே இருந்தது. அன்றிலிருந்து வால்வை நம்புவதில்லை, உயரத்தை நம்புகிறேன். ரிட்டர்ன் வாய் இப்போது மேற்பரப்பிலிருந்து மூன்று செ.மீ. ஆழத்தில். மேற்பரப்பை ஒட்டி குழாயில் சிறு துளை போட்டால் மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுபடும். அதுவும் நல்லதுதான், ஆனால் பாசி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் கணக்குப் போடுங்கள். மூன்று குழாயும் அடைத்து பம்ப் மட்டும் ஓடினால் மேலே எவ்வளவு ஏறும்? சம்ப்புக்குள் பம்ப் இருக்கும் தடுப்பறையில் உள்ள தண்ணீர் மட்டும்தான், அதற்குமேல் அதனிடம் சரக்கில்லை. அந்த அறையில் 25 லிட்டர் என்றால் மேலே சுமார் 22 மி.மீ. உயரும். தொட்டியின் விளிம்புக்குக் கீழே அதைவிடக் கூடுதலாக இடம் விட்டிருந்தால் தரை காய்ந்திருக்கும்.

## ஒட்டும் முன், ஓட்டும் முன்

துளை போடுமுன் கண்ணாடி டஃபன் செய்ததா, அதாவது சூடாக்கிக் கடினமாக்கியதா என்று கேளுங்கள். டஃபன் கண்ணாடியில் டிரில் வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரைக் கையில் வைத்து அளந்த பிறகே துளையின் அளவைச் சொல்லுங்கள், ஒரு இன்ச் கனெக்டருக்கு ஒரு இன்ச் துளை போதாது. ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் ஒரு சின்னத் திருகு போதும்.

பெட்டிக்குள் நிற்கும் குழாய்களுக்கு சொல்யூஷன் (பிவிசி பசை) போடாதீர்கள், சும்மா சொருகி வையுங்கள். உயரத்தை எப்படியும் இரண்டு முறை மாற்றத்தான் போகிறீர்கள். வால்வுக்கு மேலும் கீழும் யூனியன் என்ற திருகு இணைப்பை வைத்தால் பின்னால் கழற்றிக் கழுவலாம்.

முதல் குழாயின் கீழ்முனை சம்ப் மட்டத்துக்கு ஒரு இன்ச் உள்ளே முழுகினால் போதும். அரை அடி முழுகவிட்டால், பம்ப் தொடங்கும்போது குழாயில் நிற்கும் காற்றால் அந்த ஆழத்தைத் தள்ளி வெளியேற முடியாது, சைஃபன் பிடிக்கவே பிடிக்காது. சத்தம் குறையட்டும் என்று ஆழமாக விட்டு இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் நிறைய.

பம்ப் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அது தண்ணீரை மேலே தூக்காதபோது வரும் எண். ரிட்டர்ன் குழாயைத் தொட்டி உயரத்தில் பிடித்து 20 லிட்டர் வாளியை நிரப்புங்கள். 24 நொடியில் நிரம்பினால் அதுதான் மணிக்கு 3,000 லிட்டர்.

இனி வால்வு. முழுக்கத் திறந்து வைத்து பம்பைப் போடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் பயங்கரமாகக் கொந்தளிக்கும், அது குழாயிலிருந்து காற்று வெளியேறும் சத்தம். பயந்து கைவைக்காதீர்கள். அடங்கிய பிறகு கால் கால் சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐந்து நிமிடம் பொறுங்கள், மட்டம் மெதுவாகத்தான் நகரும். இரண்டாவது குழாயின் வாயில் தண்ணீர் எட்டி, பென்சில் தடிமனுக்கு வழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பிறகு சோதனை. பம்பை நிறுத்திப் போடுங்கள், பத்து தடவை. பத்திலும் தானாகவே அமைதிக்குத் திரும்ப வேண்டும். அடுத்து முதல் குழாயின் வால்வை முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள், இரண்டாவது தாங்குகிறதா என்று. அதன் வாயையும் கையால் பொத்திப் பாருங்கள், மூன்றாவது தாங்குகிறதா என்று. பஞ்சு விஷயம் இங்கேதான் வருகிறது. குழாய் வாயில் பஞ்சு அடைத்தால் முதல் நாள் சத்தம் குறையும். பத்தாம் நாள் பஞ்சில் சகதி சேரும். அப்போது நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள். மீன் உள்ளே போகாமல் இருக்க வேண்டுமென்றால் கலிங்கில் அகலமான பல் வெட்டிய தகடு வையுங்கள், குழாய் வாயில் எதையும் வைக்காதீர்கள்.

எல்லாம் சரியானதும் வால்வை முழுக்கத் திறந்த நிலையிலிருந்து எத்தனை சுற்று மூடியிருக்கிறீர்கள் என்று எண்ணி கேபினெட் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். என் கதவில் 'நாலே கால்' என்று இருக்கிறது. சுத்தம் செய்ய வால்வைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், வீட்டில் யாராவது தெரியாமல் திருகிவிடும் ஒவ்வொரு முறையும், அந்த எண்ணுக்குத் திரும்பிப் போனால் போதும். ஐந்து நிமிடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடுவது மறுபடி கேட்கும்.